மேசைக்கு அந்தப் பக்கம்

குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கெட்சால்தெனாங்கோ. வரைபடத்திலும் அரசாங்கக் காகிதங்களிலும்தான் அந்தப் பெயர். பஸ் கண்டக்டர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அது ஷேலா. 1524இல் ஸ்பானியத் தளபதி பேத்ரோ தே அல்வராதோ படையெடுத்து வந்தபோது துணைக்கு வந்த, நவாத்ல் மொழி பேசிய மெக்சிகோ வீரர்கள் வைத்தது முதல் பெயர். அதற்கும் முன்பே கிச்சே இனத்து மாயா மக்கள் வைத்திருந்த ‘ஷேலாஹு’வின் சுருக்கம் இரண்டாவது. இரண்டிலும் ஸ்பானியம் துளிகூட இல்லை. ஆனாலும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு ஆட்கள் இங்கே வந்து இறங்குவது ஸ்பானிய மொழி படிக்கத்தான்.

நான் போனதற்குக் காரணம் இலக்கியம் என்று சொன்னால் பெருமையாக இருக்கும், பாதி உண்மையும்கூட. கோணங்கியின் ‘கல்குதிரை’ மார்க்வெஸுக்குச் சிறப்பிதழ் போட்டதை அண்ணன்மார் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த தலைமுறை என்னுடையது. லத்தீன் அமெரிக்கா நமக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் முதுகில் ஏறித்தான். நடுவில் நிற்கும் ஆளை விலக்கிவிட்டு ஒரு பக்கமாவது நேராக வாசிக்க வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக உண்டு. மீதிப் பாதிக் காரணம் பணம். ஸ்பெயினில் சலமாங்காவிலோ மத்ரீதிலோ தனி ஆசிரியர் வைத்துப் படிப்பதென்றால் என்னைப் போன்றவர்கள் நகையை அடகு வைக்க வேண்டும். ஷேலாவில் அப்படியில்லை.

தலைநகரிலிருந்து ஷேலாவுக்கு இருநூறு கிலோமீட்டர் சொச்சம். சொகுசு பஸ்ஸும் உண்டு. ஆனால் ஊர் ஊராக நின்று போவது கமியோனேத்தா. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிறக்கி ஓய்ந்துபோன மஞ்சள் பஸ்களை ஏலத்தில் எடுத்து, மெக்சிகோ வழியாக ஓட்டிக்கொண்டு வந்து, சிவப்பும் பச்சையும் குரோமியத் தகடும் பூசி, நெற்றியில் ஒரு பெண் பெயரோ சாமி பெயரோ எழுதி ஓட விடுகிறார்கள். இரண்டு சிறுவர்கள் உட்காருவதற்காகச் செய்த இருக்கையில் மூன்று பெரியவர்கள். நடுவழியில் இருப்பவர் பாதி உடம்பை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, எதிர்வரிசைக்காரரின் தோளில் சாய்ந்து பயணிக்கிறார். பாதை மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறும் இடத்துக்கு அலாஸ்கா என்று பெயர். குளிருக்காக உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர். ஜன்னல் கண்ணாடி மூடாத பஸ்ஸில் போனால் காரணம் தானே விளங்கும்.

மொழிப்பள்ளிகள் பெரும்பாலும் பழைய முற்றம் வைத்த வீடுகள். சுற்றுத் திண்ணையில் சின்னச் சின்ன மேசைகள். ஒரு மேசைக்கு இரண்டு நாற்காலி, ஒரு சிறிய வெள்ளைப் பலகை. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், நடுவில் அரை மணி காப்பி. மற்ற நேரமெல்லாம் பள்ளி ஏற்பாடு செய்துகொடுத்த குடும்பத்தோடு தங்க வேண்டும், அவர்களோடு சாப்பிட வேண்டும். வாரக் கட்டணத்தில் எல்லாம் அடக்கம். பள்ளி வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் கூடாது என்று ஒரு விதி. எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, எல்லாப் பள்ளியிலும் காப்பி இடைவேளையில் மீறப்படுகிறது. சாயங்காலமானால் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் வெளிநாட்டு மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் தங்கள் ஸ்பானியத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். என் யோசனையைக் கேட்டால், அந்தக் கடைகளுக்குப் போகாதவர்களுக்குத்தான் மொழி வருகிறது. காப்பியும் அங்கே சுமார்தான். நல்ல கொட்டையெல்லாம் கப்பலேறிவிடுகிறது.

ஐந்து மணி நேரம் ஒரே ஆளோடு பேசுவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகி இருபது வருஷமான தம்பதிகள்கூட அப்படிப் பேசுவதில்லை. எனக்கு வாய்த்த ஆசிரியை ஐம்பதைத் தாண்டியவர். மாயெஸ்த்ரா என்று கூப்பிட வேண்டும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று தொடங்குவார். நான் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அவருடைய பேனா பலகையின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொள்ளும். வாயைத் திறந்து உடனே திருத்த மாட்டார். நான் செய்யும் மூன்று பிழையில் ஒன்றைத்தான் எடுத்துச் சொல்வார். மற்ற இரண்டும் காதில் விழவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். “விழுந்தது. எல்லாவற்றையும் திருத்தினால் நீங்கள் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அப்புறம் ஐந்து மணி நேரமும் நான்தான் பேச வேண்டும்” என்றார்.

சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை அது. பிழையான வாக்கியத்தைக் கேட்டு, அதற்குள்ளிருந்து இந்த ஆள் என்ன சொல்ல வருகிறார் என்று பிடித்து, எதைத் திருத்தலாம் எதை விடலாம் என்று அந்த நொடியில் முடிவு செய்து, முகத்தில் அலுப்பும் காட்டாமல் அடுத்த கேள்வியைப் போட வேண்டும். இதை ஐந்து மணி நேரம் செய்துவிட்டு மாலையில் வேறொரு மாணவருக்கும் உட்கார வேண்டும். மூழ்கிப் படிப்பது என்கிறார்களே, அந்த முறையில் மாணவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவர்தான் அதிகம் உழைக்கிறார். விளம்பரத்தில் எரிமலையும் புன்னகையும் இருக்கும். கேட்பவருடைய களைப்பை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

தமிழ் வாய்க்கு ஸ்பானியம் பல இடங்களில் இதமாக இருக்கிறது. பக்கத்து மேசையில் டெக்சாஸ் பையன் ஒருவன் ‘பேரோ’வுக்கும் ‘பேறோ’வுக்கும் நடுவே, அதாவது ‘ஆனால்’ என்பதற்கும் ‘நாய்’ என்பதற்கும் நடுவே, நாக்கை உருட்ட முடியாமல் வியர்த்துக்கொண்டிருந்தான். நான் வளர்ந்தது நாகர்கோவில் பக்கம். இடையின ரகரமும் வல்லின றகரமும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் தனித்தனியாகக் கேட்கும். ஆகவே அந்தக் கண்டத்தை நான் சிரமமில்லாமல் தாண்டிவிட்டேன். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ஸ்பானியத்திலும் ‘எனக்கு’தான். தலைவலி வந்தாலும் ‘எனக்கு’தான் வலிக்கிறது. கைதவறி டம்ளரைக் கீழே போட்டால், நான் போட்டேன் என்று பழியை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது எனக்கு விழுந்துவிட்டது. மறந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு மறந்துபோனது. ஆங்கிலக்காரர்கள் இந்த இடத்தில் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கோ பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இலக்கணம் தாய்ப்பாலோடு வந்தது.

இடறிய இடமும் உண்டு. மேசை பெண், புத்தகம் ஆண் என்பதை ஏற்றுக்கொள்ள அஃறிணையில் வளர்ந்த மனசு கடைசிவரை சம்மதிக்கவில்லை. ‘சேர்’, ‘எஸ்தார்’ என்ற இரண்டு ‘இரு’க்களுக்கு நானே ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டேன். ‘அவர் டாக்டர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்லும் இடத்தில் ‘சேர்’. ‘வீட்டில் இருக்கிறார்’ என்று ‘இரு’ வரும் இடத்தில் ‘எஸ்தார்’. ‘உயரமாக இருக்கிறார்’ என்று வரும்போது சூத்திரம் உடைந்துவிடும். மாயெஸ்த்ராவிடம் விளக்கினேன். பாதி நேரம் சரியாக வருகிற சூத்திரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மரியாதை விஷயத்திலும் நமக்குப் பயிற்சி உண்டு. குவாத்தமாலாவில் நண்பர்களுக்குள் ‘வோஸ்’. பெரியவர், புதியவர், கடைக்காரர் எல்லோருக்கும் ‘உஸ்தெத்’. நான் தங்கிய வீட்டில் அம்மா தன் பிள்ளைகளையே ‘உஸ்தெத்’ என்றுதான் கூப்பிட்டார். பாடப்புத்தகத்து ‘தூ’ இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது.

இந்தியர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. எந்த நாடு என்று கேட்டால் ‘இந்தியா நாட்டவள்’ என்று சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும், சுருக்கமாக ‘இந்தியா’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே மாயெஸ்த்ரா எச்சரித்தார். அங்கே ‘இந்தியோ’, ‘இந்தியா’ என்பது மாயா மக்களை நோக்கி வீசப்படும் வசை. பஸ்ஸில் இடம் பிடிக்கும் சண்டையில், சந்தையில் பேரம் முற்றும்போது, இப்போதும் வந்து விழும். தெருவில் என் நிறத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு நேராக உள்ளூர்ப் பெண் என்றே எடுத்துக்கொண்டு வழி கேட்டவர்கள் உண்டு. கூட வந்த வெள்ளைக்கார மாணவிக்கு நாற்காலி இழுத்துப் போட்ட ஹோட்டல்காரர் என்னைப் பார்த்து யாரைத் தேடி வந்தாய் என்றார். பாடப்புத்தகம் எதுவும் சொல்லித்தராத குவாத்தமாலாவை அந்த ஒரு கேள்வி சொல்லித்தந்துவிட்டது.

வீட்டுக்கு வருகிறேன். குடும்பத்தலைவி, கணவர், இரண்டு பிள்ளைகள், தலைவியின் அம்மா. மாடியில் ஒரு அறை மாணவர்களுக்கு. சமையலறைக்குப் பின்னால் பிலா: நடுவில் தண்ணீர்த் தொட்டியும் இருபுறமும் தேய்க்கும் கல்லுமாகச் சிமெண்டில் கட்டிய மேடை. பாத்திரம், துணி, காய்கறி எல்லாம் அங்கேதான் கழுவப்படும். வீட்டின் பாதிப் பேச்சும் அங்கேதான் நடக்கும். காலையில் கறுப்பு பீன்ஸ் மசியல், முட்டை, வாழைப்பழ வறுவல். மதியம் சாதமோ சூப்போ. ராத்திரி மறுபடியும் பீன்ஸ். எல்லா வேளையும் துணியில் பொதிந்து வரும் சோள டார்டியா. தெருவில் கதவுக்குக் கதவு ‘மூன்று வேளையும் டார்டியா’ என்று அட்டை தொங்கும். உள்ளே பெண்கள் நின்றபடி மாவைக் கையில் தட்டும் சத்தம் வெளியே வரும். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் கழன்றபின் மில்லில் அரைப்பார்கள். சுண்ணாம்பு சேராவிட்டால் சோளத்திலுள்ள நியாசின் சத்து உடம்பில் ஒட்டாது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள்; பெல்லக்ரா நோயில் இத்தாலி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செத்தார்கள்.

வியாழக்கிழமை பாச்சே. உருளைக்கிழங்கை மசித்து, சிவந்த மசாலாவும் ஒரு துண்டு இறைச்சியும் வைத்து, இலையில் கட்டி ஆவியில் வேகவைத்தது. ஷேலா குளிருக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு இல்லை. கறி சாப்பிடாதவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். கோழியை எடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கோழிச்சாற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

பாட்டி கோர்த்தே கட்டியிருப்பார். நூலை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து நெய்த, இடுப்பில் சுற்றும் துணி. பக்கத்து ஊரான சால்கஹா இந்த நெசவுக்குப் பேர்போனது. மகள் பேண்ட் போடுகிறார். பேத்திக்குக் கோர்த்தே கட்டத் தெரியாது. மொழியும் அதே வரிசையில்தான் இறங்கியிருந்தது. பாட்டிக்குக் கிச்சே தாய்மொழி. மகளுக்குப் புரியும், பதில் ஸ்பானியத்தில். பேத்திக்கு நன்றி சொல்லும் ‘மல்த்யோஷ்’ தவிர ஒன்றும் தெரியாது. ஆல்மோலோங்காவிலிருந்து காய்கறிக் கூடையோடு வரும் பெண்ணிடம் மட்டும்தான் பாட்டி முழு வேகத்தில் பேசுவார். அந்தப் பத்து நிமிஷம் அவர் வேறொரு பெண்மணி: கிண்டல், சத்தம், சிரிப்பு. கதவை மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பியதும் ஸ்பானியத்துக்கு வந்துவிடுவார். சின்ன சின்ன வாக்கியம், நிறுத்தி நிறுத்தி. அந்த வீட்டில் எனக்கு முழுதாகப் புரிந்த ஸ்பானியம் அவருடையதுதான், ஏனென்றால் அவரும் படித்து வாங்கியவர்.

எப்படிப் படித்தீர்கள் என்று பிலாவில் தட்டுக் கழுவும்போது கேட்டேன். அவர் என் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டார். டாலரில் சொன்னேன். கெட்சாலாக மாற்றி, ஒரு டாலருக்கு ஏழே முக்கால் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டார். மகளைக் கூப்பிட்டுத் தொகையைச் சொன்னார். அப்புறம் என்னிடம், “எங்களுக்கு ஓசியில் சொல்லிக்கொடுத்தார்கள். கிச்சே பேசினால் கையை நீட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான் செலவு” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்தத் தலைமுறைக்கு இது சாதாரணக் கதை. பழங்குடிப் பிள்ளைகளை ஸ்பானியத்துக்கு மாற்றுவது அரசின் கொள்கையாகவே நெடுங்காலம் இருந்தது. ‘காஸ்தெயானிஸாசியோன்’ என்று அதற்குப் பெயரும் உண்டு. குவாத்தமாலாவில் மாயா மொழிகள் இருபத்திரண்டு. ‘போப்போல் வூ’ என்ற பெருங்கதை கிச்சே மொழியில் எழுதப்பட்டது. அதைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற பாதிரியார் படியெடுத்து ஸ்பானியத்தில் பெயர்த்திருக்காவிட்டால் இன்று நம் கைக்கு வந்திராது. 1992இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மெஞ்சுவும் கிச்சே பெண்தான். ஸ்பானியத்தை வளர்ந்த பிறகு கற்றவர்.

இந்த நாட்டில் வெளிநாட்டவருக்கு ஸ்பானியம் கற்பிக்கும் தொழிலின் வேர் மாயா மொழிகளுக்குள் போகிறது என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. தலைநகருக்குப் பக்கத்திலுள்ள பழைய தலைநகர் ஆன்திகுவாவில் 1969இல் ‘ப்ரோயெக்தோ லிங்குயிஸ்திகோ பிரான்சிஸ்கோ மர்ரோகின்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மர்ரோகின், குவாத்தமாலாவின் முதல் பிஷப். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்பானியம் சொல்லிக்கொடுத்து வரும் பணத்தில், மாயா மொழி பேசும் இளைஞர்களுக்கு மொழியியல் பயிற்சி கொடுத்தார்கள். டெரன்ஸ் காஃப்மன், நோரா இங்லண்ட் போன்ற மொழியியலாளர்கள் அங்கே வந்து கற்பித்தார்கள். அகராதியும் இலக்கணமும் அந்தந்த மொழிக்காரர்களே எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான். 1987இல் மாயா மொழிகளுக்குப் பொதுவான எழுத்துமுறை அரசாணையாக வந்தது. 1990இல் மாயா மொழிகள் அகாதெமி சட்டப்படி அமைந்தது. ஸ்பானியம் விற்ற காசு ஸ்பானியம் விழுங்க வந்த மொழிகளுக்குச் சோறு போட்டது. ஆன்திகுவா இன்று கற்பாவிய தெருவும் சான்தா கத்தலீனா வளைவுமாகப் படம் பிடிக்கத் தோதான ஊர். அழகுதான். ஆனால் காலை உணவுக்கடையில் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள். படிக்க வந்தவர்களுக்கு அது நல்லதில்லை.

ஷேலாவின் பள்ளிகள் கொஞ்சம் பிந்தி, போர்க்காலத்தில் முளைத்தவை. 1960 முதல் 1996 டிசம்பர் 29 வரை முப்பத்தாறு ஆண்டு உள்நாட்டுப் போர். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போனார்கள் என்று 1999இல் உண்மை கண்டறியும் ஆணையம் கணக்குச் சொன்னது. அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் மாயா மக்கள். போர் நடந்துகொண்டிருந்த 1988இல் ‘ப்ரோயெக்தோ லிங்குயிஸ்திகோ கெட்சால்தேகோ’ போன்ற பள்ளிகளைத் தொடங்கியவர்களுக்கு இரண்டு நோக்கம்: ஆசிரியர்களுக்குப் பிழைப்பு, இங்கே நடப்பதை வெளியூர்க்காரர் காதில் போடுவது. அதனால் ஷேலாவில் இலக்கணப் பாடத்துக்குள் அரசியல் தானே வந்துவிடும்.

எனக்கு அது இறந்தகாலத்தின் வழியாக வந்தது. ஸ்பானியத்தில் இறந்தகாலம் இரண்டு வகை. ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு ஒன்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு ஒன்று. ஆங்கிலம் வழியாகப் படித்தால் தலை சுற்றும். தமிழில் ‘தாத்தா தினமும் சந்தைக்குப் போவார்’ என்று பழைய வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வினையைத்தானே போடுகிறோம், அதைப் பிடித்துக்கொண்டேன். மாயெஸ்த்ரா பலகையில் நடுக்கோடு போட்டு இரண்டு பத்தியாக்கினார். உதாரணத்துக்கு என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன், வினைகளை மட்டும் நீங்கள் எழுதுங்கள் என்றார்.

சித்தப்பா சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தின் ஷேலா வளாகத்தில் படிப்பார். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது ஷேக்கா ரொட்டி வாங்கி வருவார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கணக்குக் கேட்பார். சரியாகச் சொன்னவருக்குப் பெரிய துண்டு கொடுப்பார். அம்மா அவரைத் திட்டுவார், எல்லோருக்கும் சமமாகக் கொடு என்பார். அவர் கிட்டார் வாசிப்பார். மோசமாக வாசிப்பார். பலகையின் இடதுபக்கம் நிறைந்து, நான் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை சித்தப்பா வரவில்லை என்றார். பேனாவை வலதுபக்கம் கொண்டுபோனேன். அம்மா போய்க் கேட்டார். ஒரு வெள்ளை வண்டி வந்ததாகச் சொன்னார்கள். நாலு வினையோடு வலதுபக்கம் நின்றுவிட்டது.

அவர் பலகையைப் பார்த்து, ‘கேட்டார்’ என்பதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று திருத்தினார். மணி அடித்தது. துடைத்துவிட்டு, உங்கள் சின்ன வயசைப் பற்றி இருபது வாக்கியம் எழுதி வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்.

காப்பி குடிக்கும்போது, முந்திய வாரம் அவரிடம் படித்த நெதர்லாந்துப் பெண், “சித்தப்பா கதைக்கு வந்துவிட்டீர்களா?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் வேறெப்படி இருக்கும்? புதிதாக மாணவர் வந்தால் இரண்டாவது வாரத்தில் இறந்தகாலம் வரும். இறந்தகாலம் வந்தால் சித்தப்பா வருவார். எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி அந்தக் கதை பாடத்துக்குத் தக்க அளவில் செதுக்கப்பட்டிருந்தது. எந்த வினை எந்தப் பத்திக்கு என்பதில் ஐயமே வராது. அதில் துயரம் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மணிக்கூலி கொடுத்து, அடுத்தவர் வீட்டு இழவை வைத்து வினைத்திரிபு பழகும் ஏற்பாட்டில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. மாயெஸ்த்ராவிடமே கேட்டேன், வேறு கதை சொல்லலாமே என்று. “சொல்கிறேனே, கல்யாணக் கதையும் இருக்கிறது. ஆனால் இதை நான் சொல்லாவிட்டால் இந்த ஊரில் இலவசமாகக் கேட்க யார் இருக்கிறார்கள்? உங்களுக்காவது புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம்” என்றார்.

கூலி என்று சொன்னேன். அதையும் சொல்லிவிடுவது நல்லது. நாம் கட்டும் பணத்தில் வீட்டுக்கு ஒரு பங்கு, பள்ளிக்கு ஒரு பங்கு, ஆசிரியருக்கு ஒரு பங்கு. ஆசிரியர்களே கூட்டாக நடத்தும் பள்ளிகளில் பிரிப்பு நியாயமாக இருக்கிறது. தனியார் முதலாளி நடத்தும் இடத்தில் அது முதலாளியின் மனசைப் பொறுத்தது. மாணவர் வராத வாரம் ஆசிரியருக்குச் சம்பளமில்லை. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஐரோப்பியர்களின் கோடை விடுமுறை முடிந்தால் செப்டம்பரில் மேசைகள் காலி. கொரோனாவுக்குப் பிறகு ஆசிரியர்கள் தாங்களே கணினி முன் உட்கார்ந்து நேரடியாகப் பழைய மாணவர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். சிலருக்கு அதில் வரும்படி நன்றாகவே இருக்கிறது. பிலாவை நம்பியிருக்கும் வீட்டுக்கார அம்மாக்களுக்கு அந்த வழி இல்லை. போகிறவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எரிமலைப் படத்தைப் பார்க்காமல், ஆசிரியருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாம். நேர்மையான இடம் பதில் சொல்லிவிடும்.

சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது, அவற்றை வழிகாட்டிப் புத்தகங்கள் நன்றாகவே சொல்கின்றன. சான்தா மரியா எரிமலை 1902 அக்டோபரில் வெடித்து ஊரையே சாம்பலில் மூடியது. அதன் இடுப்பில் 1922இல் முளைத்த சாந்தியாகித்தோ இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது. ஸுனில் ஊருக்கு மேலே மலையில் வெந்நீர் ஊற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளியில் விருந்து. அந்த வாரத்தோடு கிளம்பும் மாணவர்கள் எழுந்து ஸ்பானியத்தில் ரெண்டு வார்த்தை பேச வேண்டும், யாராவது மரிம்பாவிலோ கிட்டாரிலோ பாக்கோ பேரெஸின் ‘லூனா தே ஷேலாஹு’ வாசிப்பார்கள். 1944இல் எழுதிய அந்த வால்ட்ஸ் மெட்டு ஊரின் தேசியகீதம். எல்லோரும் பாடுவார்கள், டெக்சாஸ் பையன் உட்பட. அவனுக்கு அதற்குள் றகரம் வந்துவிட்டிருந்தது.

படிப்பு முடிந்ததும் கற்றதை ஓட்டிப் பார்க்க வடக்கே போனேன். வேவேதெனாங்கோ போய், அங்கிருந்து சிற்றுந்தில் குச்சுமத்தான் மலைகளில் ஏறினால் தோதோஸ் சான்தோஸ். மாம் மொழி பேசும் ஊர். ஆண்கள் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட கால்சட்டையும் பூவேலைக் காலர் வைத்த சட்டையும் அன்றாட உடையாகவே போட்டுக்கொண்டு திரிவதை இங்கேதான் பார்த்தேன். நான் போனது சனிக்கிழமைச் சந்தைக்கு. என் ஸ்பானியத்தில் அதுவரை இல்லாத தைரியம் இருந்தது. ஆனால் சந்தையில் அந்த மொழிக்குப் பெரிய வேலை இல்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் மாமில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானியம் என்னைப் போன்ற வெளியாளுக்காக எடுத்து வைத்திருக்கும் சாமான்.

துணி விற்ற அம்மா ஒருவரிடம் ஒரு கைப்பைக்கு விலை கேட்டேன். நூற்றிருபது கெட்சால் என்றார். பயின்றதையெல்லாம் இறக்கினேன். குறைத்துத் தர முடியுமானால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன் என்பதற்கு ஸ்பானியத்தில் இரண்டு வினையைக் குனியவைத்து வளைக்க வேண்டும், வளைத்தேன். அவர் கவனமாகக் கேட்டார். பக்கத்துக் கடைப் பெண்ணிடம் மாமில் ஏதோ விசாரித்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். “நூற்றுப்பத்து” என்றார், அதைச் சொல்ல அவருக்கும் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. கொடுத்து வாங்கிக்கொண்டேன். பின்னால் வந்த ஜெர்மன்காரருக்கு ஸ்பானியமும் தெரியாது, மாமும் தெரியாது. அதே மாதிரிப் பையைத் தூக்கிப் பிடித்து, எட்டு விரலை விரித்துக் காட்டினார். அந்த அம்மா ஒன்பது விரலை விரித்தார். தொண்ணூறுக்கு முடிந்தது.